காத்தாயி கேட்டு வாங்கிய பிணம்

வெள்ளிக்கிழமை காலையில், பெரம்பலூர் மெயின்ரோட்டில் லாரி அடித்துச் செத்த ஒருவரின் பிணத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்த காத்தாயி வழிவிட்டு ஒதுங்கினாள். முகம் இருந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை, துணியால் சுற்றியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே இடது கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஆறு விரல். காத்தாயி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு முறை எண்ணினாள்.

அந்த ஆறு விரல் காலை அவளால் மறக்க முடியாது. ஒரு மத்தியானம் முழுக்க அதன் முன்னால் மண்ணில் முகம் பதித்துக் கிடந்தவள் அவள். அது அவள் ஊரில் கிராம முன்சீப்பாக இருந்த உத்திராபதியின் கால்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் அவள் புருஷன் அய்யம்பெருமாள் மேல் கல் சரிந்தது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், மறுநாள் உயிர் போய்விட்டது. காத்தாயி அப்போது அரும்பாவூரில் அக்கா வீட்டில் தங்கி நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழியைக் குத்தகை எடுத்திருந்தவன் முன்சீப்பின் மருமகன். பெண்டாட்டி என்று ஒருத்தி வந்து நின்றால் கேசு வரும். முன்சீப்பு ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தினார்: இறந்தவன் ஒண்டிக்கட்டை, இவனுக்கு யாருமில்லை.

இரண்டு நாளைக்குள் உறவுக்காரர் யாரும் கேட்டு வராத பிணத்தை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அய்யம்பெருமாளை அப்படித்தான் கொண்டுபோனார்கள். பையன்கள் அறுத்துப் பார்த்து டாக்டருக்குப் படிக்க வேண்டுமே. சட்டத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? விளங்காமல் போக வேண்டியது அந்தத் தாளை எழுதிய கைதான்.

ஐந்தாம் நாள் காத்தாயி காலேஜ் வாசலில் போய் நின்றாள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான். "உங்க முன்சீப்புகிட்ட, தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி வாங்கிட்டு வாம்மா. இருக்கறதக் குடுத்துடறோம்" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் அந்தக் காலில் விழுந்தது. முன்சீப்பு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"அவன் பொண்டாட்டிங்கறதுக்கு என்னடி பேப்பர் வச்சிருக்க?"

அவளிடம் கழுத்தில் தாலி இருந்தது. அது பேப்பர் இல்லை.

பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் தாலி அறுக்கிற வழக்கம் அவர்கள் சனத்தில் கிடையாது. பதினாறாம் நாள் வந்தது, போனது. காத்தாயி தாலியோடும் பொட்டோடும் ஊரைவிட்டுக் கிளம்பி, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் சேர்ந்தாள். புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம், "எங்கயோ போயிட்டாரு, வருவாரு" என்றாள். வயிறு எரிந்துகொண்டே ஏழு வருஷம் கூட்டினாள்.

இப்போது அந்தக் கால் அவளைத் தேடி வந்திருக்கிறது. உத்திராபதி திருப்பதிக்குப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லிக் கிளம்பியவர் என்பதும், பஸ் மாற இறங்கிய இடத்தில் பையையும் பறிகொடுத்து லாரியிலும் அடிபட்டார் என்பதும் பிறகு தெரிந்தவை. அன்றைக்குப் போலீஸ் ஏட்டு எழுதிக்கொண்டது ஒரே வரி: பெயர் தெரியாத ஆண், வயது அறுபது இருக்கலாம்.

வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் வண்டி வரும், அய்யம்பெருமாள் போன வழியே இவரும் போவார். வெள்ளி பூராவும் அந்த நினைப்பு அவளுக்குச் சர்க்கரையாய் இனித்தது. சனிக்கிழமை காலையில் கசந்துவிட்டது. அங்கே போனால் நாலு பிள்ளைகள் அவரை வைத்துப் படித்து டாக்டராவார்கள். செத்தும் உதவினார் என்கிற புண்ணியம் அந்தப் பாவிக்கு எதற்கு?

அவள் நேராக ஏட்டிடம் போனாள்.

"சார், அது எங்க வூட்டுக்காரருங்க."

ஏட்டு அவள் கழுத்தைப் பார்த்தார். "மூஞ்சியே இல்ல, எப்படிம்மா சொல்ற?"

"இடது கால்ல ஆறு வெரலு இருக்கும் சார். அந்தக் கால்ல நான் எம்மா நேரம் விழுந்து கெடந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஏட்டு போர்வையைத் தூக்கிப் பார்த்தார், எண்ணினார், வண்டிக்குச் சொல்லி அலையும் வேலை மிச்சம் என்று எழுதினார்: அய்யம்பெருமாள், காத்தாயியின் கணவர். காத்தாயி கைநாட்டு வைத்தாள். அன்றைக்குக் காலில் விழுந்தும் கிடைக்காத வரி, ஏழு வருஷம் கழித்து முத்திரையோடு கைக்கு வந்தது.

வாடகை வேனில் ஊருக்குக் கொண்டுபோனாள். காலனிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததே உத்திராபதிதான். அவரே சுற்றுவழியில், வயல் வரப்போரம், பறையடியோடு போனார். மோட்டார் கொட்டகையில் நின்ற அவருடைய மூத்த மகன் செல்லதுரை, யார் பிணம் என்றுகூடக் கேட்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான். காலனியில் யார் எப்போது செத்தார்கள் என்று ஊரில் யாரும் நினைவு வைத்துக்கொண்டதில்லை.

குழி வெட்டிய மதுரைவீரன் மட்டும் பாடையை இறக்கும்போது காலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "துணிய நல்லா இழுத்து மூடு தாயி" என்றான். அவ்வளவுதான். காலனியில் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்பில் அடித்துக்கொண்டு காத்தாயி அழுதாள். அய்யம்பெருமாளுக்காகத்தான் அழுதாள். அது ஏழு வருஷம் தேக்கி வைத்த அழுகை. பதினாறாம் நாள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டாள்.

அதற்கு மறுநாள் செல்லதுரை வந்தான். திருப்பதி போன அப்பாவைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து, ஆறு விரல் பிணத்தைப் பற்றி ஏட்டு வாயால் கேட்டிருக்கிறான். யாரிடமும் மூச்சு விடாமல், காலனி இடுகாட்டு ஓரத்தில், காத்தாயிக்கு எதிரே செருப்புக் காலோடு நின்றான்.

"யாரப் பொதச்ச?"

காத்தாயி மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "படிச்சுப் பாருங்க. எம் புருஷன். ஒங்கப்பாரா இருந்தா தோண்டி எடுத்துட்டுப் போங்க, நானே மம்முட்டி தரேன். ஒங்கப்பாரு பதினேழு நாளா எங்க காலனிக் குழியில கெடந்தாருன்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டுத் தோண்டுங்க. எம் புருஷன அவரு எங்க அனுப்புனாருங்கறதயும் சேத்துச் சொல்லுங்க."

செல்லதுரை குழிமேட்டைப் பார்த்தான். ஊர்த்தெருப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இது எங்கப்பா இல்ல" என்றான்.

"அப்படின்னா எழுதிக் குடுங்க. நாளைக்கு வந்து தகராறு பண்ணக்கூடாது."

அவன் அந்தத் தாளின் பின்பக்கமே எழுதினான்: இங்கே புதைக்கப்பட்டவர் எங்களுக்கு யாருமில்லை. கையெழுத்தும் போட்டான். கிளம்பியவன் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான்.

"எங்கம்மா பூவும் பொட்டுமா வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதுகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

காத்தாயி தாளை மடித்து, வெறுங்கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எங்கயோ போயிட்டாரு, வருவாருன்னு சொல்லுங்க. நானும் ஏழு வருஷம் அதத்தான் சொன்னேன்."