அடுப்பு காணாத பலகாரம்

முதலிபாளையத்தில் பொன்னாத்தாளுக்குச் சொந்தமான லைன் வீடுகளில், தண்ணித் தொட்டியை ஒட்டிய கடைசி வீட்டில், நல்ல நாள் பெரிய நாளில் நெருப்பு எரியாது. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. இட்லி வேகும், குழம்பு கொதிக்கும், கொசுவத்தி புகையும். பண்டிகை விடிந்துவிட்டால் மட்டும் அடுப்பு கம்மென்று உட்கார்ந்துகொள்ளும். தீக்குச்சியை உரசினால் உரசின சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கேஸ் கம்பெனி ஆள் வந்து ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு, இது எங்கள் வேலை இல்லைங்க என்று கிளம்பிவிட்டார். கரண்ட் அடுப்பு வாங்கிப் பார்த்தார்கள். அது சிவப்பு விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, வைத்த தண்ணீரைச் சில்லென்று வைத்திருந்தது. பக்கத்து வீட்டு மருதாள் எரிகிற விறகுக் கட்டையோடு வாசற்படி தாண்டினாள். உள்ளே வந்த கட்டை அப்போதுதான் மரத்திலிருந்து வெட்டியது போல் ஈரமாக இருந்தது. பீடி பற்ற வைக்க வந்தவர்கள் வெளியே போய்ப் பற்ற வைத்தார்கள்.

அந்த வீட்டில் குடியிருப்பவள் ரோஸ்மேரி. திசையன்விளைப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்தவள், அங்கே மெஷின் பார்த்துக்கொண்டிருந்த சுடலையோடு டீ குடித்துப் பழகி, யாரிடமும் கேட்காமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பேரும் ஊருக்குப் போய் நின்றபோது, அம்மா ஞானத்தாய் வாசல் நிலையைப் பிடித்தபடி இரண்டே வார்த்தை சொன்னாள். "நல்ல நாள் பெரிய நாள்ல உன் வீட்டு அடுப்பு எரியாதுட்டி." இது முதலாவது. இரண்டாவதை வேதப் புஸ்தகத்தில் கை வைத்துச் சொன்னாள். "உன் அடுப்பு எரியுத வீட்டுல என் பல்லுல பச்சத்தண்ணி படாது." ஞானத்தாய் சொன்னால் சொன்னதுதான். அவள் ஒருமுறை கோபித்துக்கொண்டதில் செழிப்பாக நின்ற முருங்கை மரம் பட்டுப்போய்விட்டதால், அந்த ஊரில் யாரும் அவளிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

நெருப்புக்கு மதபேதம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு எரியவில்லை, தீபாவளிக்கு எரியவில்லை, பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் பானையில் ஊறிக் கிடந்தன. தைப்பூசத்துக்கு எரியவில்லை, ரம்ஜானுக்கும் எரியவில்லை. சுதந்திர தினத்துக்கு எரிந்தது. தீபாவளி போனஸ் கொடுக்கும் நாள் எந்தக் காலண்டரிலும் சிவப்பு எழுத்தில் வராது, ஆனாலும் அன்றைக்கு எரியவில்லை. திருப்பூரில் எது பெரிய நாள் என்று நெருப்புக்குத் தெரிந்திருந்தது. விஷயம் கம்பெனி முதலாளி காதுக்கு எட்டியதும், அவர் தீபாவளிக்கு முதல் நாளே குடோனில் இருந்த கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை வேனில் ஏற்றி ரோஸ்மேரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் மூட்டைக்கு நடுவே பாதை விட்டுப் புழங்கினார்கள். சீறிக்கொண்டு ஜன்னல் வழியாக வந்த ஒரு ராக்கெட், மூட்டை மேல் வெறும் குச்சியாக விழுந்தது. முதலாளி அந்தக் குச்சியை வாங்கிப்போய் ஆபீஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் கிறிஸ்துமஸுக்கு ரோஸ்மேரி அழுதாள். பசிக்காக இல்லை, சோறு பொன்னாத்தாள் வீட்டிலிருந்து வந்துவிட்டது. தீபாவளிக்கு லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் தட்டுத் தட்டாகப் பலகாரம் கொடுத்திருக்க, தன் பண்டிகைக்கு அந்தத் தட்டுகளை வெறுமனே திருப்பிக் கொடுப்பதா என்றுதான் மானம் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய் மேரி பிஸ்கட், டின் பால், கோகோ பவுடர், கொப்பரைத் துருவல் வாங்கி வந்தாள். பிஸ்கட்டைப் பையோடு போட்டு சப்பாத்திக் கட்டையால் நொறுக்கினாள். வெண்ணெயை மொட்டை மாடி வெயிலில் வைத்து இளக்கினாள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, கொப்பரையில் புரட்டி ஃபிரிட்ஜில் வைத்தாள். பேரீச்சம்பழத்தை நிலக்கடலையோடு இடித்துச் சுருட்டி வில்லை போட்டாள். செக்கிங் வேலை செய்த கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு உருண்டையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நெளிந்தது, விரிசல் விட்டது எல்லாவற்றிலும் பழுதான பனியனில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கினாள். ஒதுக்கியதெல்லாம் சுடலைக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒழுங்கான உருண்டை ஒன்றைத் தின்றதில்லை, ஆனால் நன்றாகவே தேறியிருந்தான்.

தட்டுகள் நிறைந்து போயின. அடுத்த பண்டிகையிலிருந்து பெண்களே வர ஆரம்பித்தார்கள். தங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி காத்துக்கொண்டிருக்க, ரோஸ்மேரி வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து உருண்டை பிடித்தார்கள். "என்ற ஊட்டுக்காரரு மூணு தரம் கூப்ட்டாச்சுங்க. கேக்காத மாரியே உக்காந்துக்கறனுங்க" என்பாள் மருதாள். எல்லாரும் சிரிப்பார்கள், ரோஸ்மேரியும் சிரிப்பாள். ஆனால் அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். வருஷா வருஷம் நல்ல உருண்டைகளாகப் பொறுக்கி, ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு டப்பா கொடுத்துவிட்டாள். கட்டின கயிறு அவிழாமல் டப்பா திரும்பி வந்தது. போன முடிச்சு அப்படியே வரும்போது அவளுக்கு வயிறு எரியும். அந்த வீட்டில் பண்டிகைக்கு எரிந்தது அது ஒன்றுதான்.

ஊரில் ஞானத்தாய்க்கு வேறு கவலை. டப்பா டப்பாவாகப் பலகாரம் வருகிறது என்றால் அங்கே அடுப்பு எரிகிறது. எரிகிறது என்றால் தன் சொல் பொய்த்துவிட்டது. இத்தனை வயசுக்குப் பிறகு இப்படி ஒரு அவமானமா? நேரில் பார்த்துவிடுவது என்று பஸ் ஏறி, கிறிஸ்துமஸ் காலையில் மஞ்சள் பையோடு லைன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ரோஸ்மேரி வழி விட்டு ஒதுங்கினாள். ஞானத்தாய் மகள் முகத்தைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். பையிலிருந்து, நம்பிக்கையான ஊர்த் தீப்பெட்டியை எடுத்து உரசினாள். இன்னொரு குச்சி, இன்னொன்று. பெட்டி காலியானதும் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அது மார்கழித் தரை போல் குளிர்ந்து கிடந்தது.

"நெசமாவே எரியலியாட்டி? இத்தன வருசமுமா?"

"ஒரு பண்டிகைக்கும் எரியலம்மா."

ஞானத்தாய்க்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே அழுகை வந்தது. பெற்ற பிள்ளையை நல்ல நாளில் எரியாத அடுப்போடு உட்கார வைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ரோஸ்மேரி தட்டை நீட்டினாள். "இது அடுப்புல வச்சதா?" என்று கேட்டாள் அம்மா. "இல்லம்மா. சூடே காட்டல." ஞானத்தாய் யோசித்தாள். அடுப்பு எரிகிற வீட்டில்தான் தண்ணீர் படாது என்று சத்தியம். இது எரியாத வீடு. ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்றையும் எடுத்துப் போட்டாள். "பால் கொஞ்சம் தூக்கல்" என்றாள். கண்ணீரோடு மகள் அதை ஒரு சான்றிதழ் போல் வாங்கிக்கொண்டாள்.

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஞானத்தாய் எழுந்தபோது, வாசலில் கூடியிருந்த பெண்களுக்குத் திக்கென்றது. பொன்னாத்தாளே உள்ளே வந்துவிட்டாள். "ஏனுங்க அம்மணி, எடுக்கறது கிடக்கட்டும். எங்கூட்டு அடுப்புக்கும் சேத்தி ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்க."

ரோஸ்மேரி கறிக்குழம்பை நினைத்தாள், கேக்கை நினைத்தாள். பிறகு அம்மாவின் வாயோரம் ஒட்டியிருந்த கொப்பரைத் துருவலைப் பார்த்தாள்.

"அந்தப் புஸ்தகத்துல கை வச்சுச் சொன்னத எடுக்க முடியுமாம்மா?"

"அது தேவனுக்கு முன்னால சொன்னதுட்டி. எப்படி எடுக்க?"

"அப்ப இதையும் எடுக்காத. அடுப்பு எரிஞ்சா நீ இங்க சாப்பிட மாட்ட. எரியாமலே இருக்கட்டும்."

அப்படியே முடிவாயிற்று. மற்ற வீடுகளுக்குச் சொல்ல ஞானத்தாய்க்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் உண்மையான கோபம் வந்தால்தான் பலிக்கும். மருதாள் அவளைக் கிழவி என்று கூப்பிட்டுப் பார்த்தாள், அவள் தலைக்கு மேலேயே துணியை உதறிக் காயப் போட்டாள். ஞானத்தாய்க்கு அவளைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது. மருதாள் வீட்டு அடுப்பு இன்றைக்கும் தீபாவளியன்று பேயாய் எரிகிறது.

அதன்பின் ஞானத்தாய் எல்லாப் பண்டிகைக்கும் வந்தாள், போனஸ் நாளுக்குக்கூட வந்தாள். மறுநாள் விடிந்து அடுப்பு பக்கென்று பற்றும்போது, காப்பிகூடக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவளுக்கு முழங்கால் வீங்கி, படி இறங்க முடியவில்லை. மறுநாள் காலை, பற்றினால் அம்மா பட்டினிதான் என்று நினைத்துக்கொண்டே ரோஸ்மேரி தீக்குச்சியை உரசினாள். பற்றவில்லை. அதற்கடுத்த நாளும் பற்றவில்லை. காலண்டரில் எந்தப் பண்டிகையும் இல்லாத சாதாரண நாட்கள் ஒவ்வொன்றாகப் போயின; நெருப்புக்கு மட்டும் அவை பெரிய நாளாகவே இருந்தன. பொன்னாத்தாள் வீட்டுச் சோற்றையும் பிஸ்கட் உருண்டையையும் சாப்பிட்டுக்கொண்டு ஞானத்தாய் மகள் வீட்டிலேயே இருந்தாள். முழங்கால் தை மாதம் சரியாயிற்று, அவள் கிளம்பவில்லை, அடுப்பும் இன்னும் எரியவில்லை. கேஸ்காரரை யாரும் கூப்பிடவில்லை.