இரண்டாம் வாசிப்பு

கொங்கிறீட் வேலை செய்கிறவனுக்குப் பின்னேரம் என்பது பாதி உறக்கம். விடிய முன்னம் எழும்பி, ஈரக் கொங்கிறீட்டை இழுத்து மட்டம் பிடித்து, அது இறுகும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், வீட்டுக்கு வந்து குளித்து ஒரு தேத்தண்ணி குடித்தால் உலகம் மெத்தென்று ஆகிவிடும். மெல்பன் புறநகரான ரோவிலில் தன் வீட்டுப் பின்வளவில், எலுமிச்சை மரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரையில் கிடந்த கேதீஸ்வரனுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. மடியில் கைப்பேசி. அதில் தமிழ் வானொலி முணுமுணுத்தது. பெரியபிள்ளையான பெண்களின் சாமர்த்திய வீட்டு மண்டப விளம்பரம் ஒன்று முடிந்து செய்தி வந்தது.

"முன்னாள் படையினரின் மருத்துவ நிலுவைகளைத் தளர்த்தும் சட்டமூலம் இன்று பாராளுமன்றத்தில் முதலாம் வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாம் வாசிப்பு பின்னர் இடம்பெறும்."

கேதீஸ்வரன் கால் மாறிச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

குசினியில் மனைவி யோகா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் சுஜீவா அலுமாரியில் சாய்ந்து, பாரம் முழுவதையும் இடக்காலில் போட்டு நின்றாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் நிற்கிறாள்.

"பிள்ளை, வாசிச்சுப்போட்டாங்கள்!"

"ஆர், எதை?"

"உன்ர சட்டத்தை. கன்பராவில. முதலாம் வாசிப்பு முடிஞ்சுது."

சுஜீவா சிரித்தாள். "அப்பா, அது வாசிக்கிறது எண்டு பேருக்குத்தான். ஒரு கிளார்க் எழும்பி நிண்டு தலைப்பை மட்டும் வாசிச்சுப்போட்டு இருந்திடுவார்."

"தலைப்பை மட்டுமோ? அப்ப பயன் சொல்லுறது ஆர்?"

யோகா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கோயிலில் புராணப் படிப்பு நடந்தால் ஒருவர் பாட்டை வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார். பயன் சொன்னால்தான் பாட்டு கேட்கிறவனுக்குச் சொந்தமாகும். கேதீஸ்வரனுக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான். மூன்று முறை வாசித்தால்தான் சட்டமூலம் சட்டமாகும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். மூன்று வாசிப்பு என்றதும் அவர் மனதில் ஒரு பெரிய மண்டபமும், குத்துவிளக்கும், கண்ணாடி போட்ட இரண்டு பெரிய மனிதர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு அவர்களை எழுப்ப முடியவில்லை.

இலங்கை ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவரின் மகள், இந்த நாட்டு ஆமியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று அவர் போய்க் கோழிக்கூட்டைத் திருத்தினார். அவள் லொறி ஓட்டினாள். ஆப்கானிஸ்தானில் தண்ணீரும் டீசலும் ஏற்றி, குண்டு புதைத்த தெருக்களில் ஓட்டினாள். திரும்பி வந்து மெல்பனில் கொங்கிறீட் லொறி ஓட்டினாள். சில நாட்களில் அவள் கொண்டுவந்து கொட்டுவதை அவர் மட்டம் பிடிப்பார். அந்த நாட்களில் அவருக்கு வேலை வேலையாகவே தெரிவதில்லை.

பிறகு இடுப்பு. எலும்புக்கு இரத்தம் சரியாகப் போகவில்லை என்றார்கள். அங்கே ஒருமுறை லொறி கவிழ்ந்ததால் வந்தது என்று அவள் சொல்கிறாள். அதை ஏற்பதா இல்லையா என்று முன்னாள் படையினருக்கான துறை இன்னும் யோசிக்கிறது. யோசிக்கும்வரை தனியார் மருத்துவர், ஸ்கான், ஊசி. அரசு தருவதற்கும் மருத்துவர் கேட்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். இந்த ஊரில் அதற்குக் 'கேப்' என்று பெயர். ஒவ்வொருமுறையும் சின்னப் பள்ளம்தான். சுஜீவா விழுந்து விழுந்து இப்போது கழுத்தளவில் நிற்கிறாள். கடைசியாகப் போனபோது, ஆட்கள் நிறைந்த கூடத்தில் வரவேற்பில் இருந்த பெண் அவளுடைய நிலுவையை உரத்துச் சொல்லிவிட்டாள். குண்டுக்கு அஞ்சாதவள் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். சத்திரசிகிச்சைக்கு மருத்துவர் தருவதாகச் சொன்ன நாளையும் எடுக்கவில்லை.

"பில் பாஸாகட்டும். பிறகு போறன்" என்றாள்.

"எந்த பில்? அவையள் அனுப்பினதோ, கன்பரா பில்லோ?"

"கன்பரா பில் பாஸானா அவையின்ர பில் இல்லாமல் போகும், அப்பா."

பிந்திப்போனால் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டி வரும், அதற்குப் பிறகு லொறி ஏறுவது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் அதை வாயால் சொல்வதில்லை.

அன்றிலிருந்து கேதீஸ்வரன் மீன், இறைச்சி என்று எல்லா மச்சத்தையும் விட்டார். புராணப் படிப்பு தொடங்கினால் முடியும்வரை மச்சம் தொடக்கூடாது. மூன்றாம் வாசிப்பு முடியட்டும், பிறகு பார்ப்போம்.

"கன்பராவுக்கு விரதம் பிடிச்ச முதல் மனுசன் நீங்கள்தான்" என்றாள் யோகா. "பிரதமருக்கு ஒருக்கா அறிவிச்சு விடுங்கோ, சந்தோசப்படுவார்."

வேலையிடத்தில் கூட்டாளி சிறிதரன் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணை, பருப்பும் கீரையும்? ஆரும் செத்தவையோ?"

"வாசிப்பு நடக்குதடா."

"எந்தக் கோயில்ல?"

"பெரிய கோயில்ல."

பின்னேரங்களில் எலுமிச்சை மரத்தின் கீழ் அந்தக் கோயில் வந்தது. பச்சைக் கதிரைகள் வரிசையாக. மண்டபம் நிறையச் சனம். கண்ணாடி போட்டவர் ஏட்டைத் திருப்பி, சுஜீவா கேதீஸ்வரன், என்று இராகம் இழுத்து வாசிக்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கேதீஸ்வரன் கிட்டப் போகப் பார்க்கிறார். ஆனால் மண்டபத்துத் தரை முழுவதும் இப்போதுதான் ஊற்றிய ஈரக் கொங்கிறீட். மேலே தண்ணீர் மினுங்குகிறது. கால் வைத்தால் தடம் விழும். இறுகட்டும் என்று கரையில் நிற்கிறார். வாசிப்பவரின் வாய் அசைகிறது, பயன் சொல்பவரின் வாயும் அசைகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. தரை இறுகுவதும் இல்லை. எந்தக் கொங்கிறீட் இப்படி இறுகாமல் கிடக்கும், ஆர் இதைக் கலந்தவன், என்று கனவுக்குள்ளேயே அவருக்குக் கோபம் வரும். விழித்தால் எலுமிச்சை இலைக்குள்ளால் வெயில் முகத்தில் ஆடும்.

குளிர் வந்தது. சுஜீவா லொறியை விட்டு, அலுவலகத்தில் இருந்து மற்றவர்களின் லொறிகளை அனுப்பும் வேலைக்கு மாறினாள். கதிரையில் இருந்து எழும்ப மேசையைப் பிடித்தாள். வானொலி சட்டமூலத்தை மறந்துபோனது.

ஒருநாள் அவளே வந்து சொன்னாள். "அப்பா, வாற திங்கள் பட்டியலில கிடக்கு. எடுத்தாலும் எடுப்பாங்கள். அது ஒரு சுயேச்சை ஆள் கொண்டு வந்தது, அரசாங்கத்தின்ர இல்லை. கன திங்கள் கூப்பிடாமல் விட்டால் பட்டியலில இருந்து தானா விழுந்திடும்."

"விழுந்தா?"

"விழுந்ததுதான்."

"அப்ப போய்க் கேப்பம்."

"ஏழு மணித்தியாலம் ஓடியோ?"

"வாசிக்கேக்க கேக்கிறதுக்கு ஆக்கள் இருக்க வேணும், பிள்ளை. இல்லாட்டி அவன் ஆருக்கு வாசிக்கிறது?"

அவள் பகிடியாகப் பார்த்தாள். ஆனால் ஞாயிறு காலை தன் இராணுவப் பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டதை அவர் கண்டார். காணாதவர் போல் காரை எடுத்தார்.

மறுநாள் கன்பராவில், மண்டபம் உண்மையிலேயே பச்சையாகத்தான் இருந்தது. மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்ததும் கேதீஸ்வரன் முதலில் தரையைப் பார்த்தார். கம்பளம். காய்ந்த தரை. அதற்குப் பிறகுதான் கதிரைகளைப் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர். ஒருவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். எழும்பி நின்று பேசியவர் காலியான பச்சைத் தோலைப் பார்த்துப் பேசினார்.

"மற்றவை எங்க?" என்று காதுக்குள் கேட்டார்.

"இவ்வளவுதான், அப்பா."

ஒரு சட்டமூலம் பற்றிப் பேசினார்கள். பிறகு தேனீக்கள் பற்றி ஏதோ. கறுப்பு அங்கி போட்ட ஒருவர் எழும்பி ஒரு தலைப்பை வாசித்துவிட்டு உட்கார்ந்தார். கேதீஸ்வரனின் கைகள் தாமாகவே கூம்பின. அது வேறு யாருடையதோ. இராகம் இல்லை. பயன் சொல்ல ஒருவரும் இல்லை. நீண்ட ஓட்டத்தின் களைப்பும் மண்டபத்தின் வெதுவெதுப்பும் சேர்ந்து அவருடைய கண்ணை மூடின. கனவு அதே இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் இம்முறை மண்டபத்தில் ஒருவரும் இல்லை. சுஜீவா மட்டும் ஈரத் தரையின் நடுவில் நிற்கிறாள். கொங்கிறீட் அவள் காலைச் சுற்றி இறுகத் தொடங்குகிறது. இவ்வளவு நாளும் இறுகாதது, இப்போது வேகமாக.

"அப்பா, எழும்புங்கோ. முடிஞ்சுது."

"வாசிச்சவையோ?"

"இல்லை. நேரம் போட்டுது. கூப்பிடேல்லை."

"எப்ப கூப்பிடுவினம்?"

அவள் தோளை உயர்த்தினாள். வெளியே படிகளில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, குழந்தை இறங்குவதுபோல் இறங்கினாள். கேதீஸ்வரன் கீழே நின்று பார்த்தார். கை கொடுக்கவில்லை. கொடுத்தால் கோபிப்பாள்.

திரும்பும் வழியில் புல்வெளிகளுக்கு மேலே மெல்லிய மஞ்சள் வெயில். ஹொல்புறூக் என்ற சிற்றூரில் கார் நின்றது. கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் தெருவோரப் புல்லில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. உண்மையான கப்பல், கறுத்த முதுகு, பாதி புல்லுக்குள். பழைய படையினரின் நினைவுக்கு வைத்திருக்கிறார்கள். ஆறேழு கலாக் கிளிகள் அதன்மேல் உட்கார்ந்திருந்தன. கேதீஸ்வரன், தான் இன்னும் அந்த மண்டபத்தில் உறங்கிக்கொண்டிருக்கிறாரோ என்று ஒருகணம் நினைத்தார்.

கப்பலுக்கு எதிரே இருந்த மர வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"பிள்ளை, அந்தச் சட்டம் உன்ர போனில கிடக்கோ?"

"கிடக்கு."

"வாசி."

"விசரோ, அப்பா?"

"இவ்வளவு தூரம் வந்தனான், ஒரு சொல்லும் கேக்கேல்லை. வாசி. தமிழில சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பறவைகளைத் தவிர ஒருவரும் இல்லை. கைப்பேசியைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். தலைப்பு. பிறகு முதலாம் பிரிவு. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, நடுவில் "இதை எப்பிடிச் சொல்லுறது" என்று ஒரு தயக்கம். போகப் போகச் சிரிப்பு குறைந்தது, குரல் தெளிந்தது. காயம் துறையால் ஏற்கப்படும்வரை சேரும் நிலுவையைப் படையினரிடம் வசூலிக்கக்கூடாது என்ற இடத்தில் நின்று, மூச்செடுத்து, திரும்பவும் அந்த வரியை வாசித்தாள்.

"இந்தச் சட்டம் அரச இசைவு கிடைத்த மறுநாள் தொடக்கம் நடைமுறைக்கு வரும். அவ்வளவுதான்."

கேதீஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

"இனிப் பயன். இது நல்ல சட்டம். எழுதினவன் நல்லாயிருக்கட்டும். இது வருமோ வராதோ எண்டு அந்தக் கதிரையளுக்கும் தெரியாது. கடன் நிக்குது. நிக்கட்டும். அதுக்குக் கால் நோகாது, எத்தனை வருசமும் நிக்கும். நீதான் நிக்க ஏலாமல் போகப்போறாய்."

சுஜீவா கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு பறவை கப்பலின் முதுகில் சறுக்கி, இறக்கையை அடித்துத் திரும்ப ஏறியது.

"அப்பா, உது பயன் இல்லை. ஏச்சு."

"ஓம். எனக்கு உந்த மாதிரித்தான் வரும்."

அவள் எழும்பினாள். வாங்கின் கையைப் பிடித்து, இடக்காலில் ஊன்றி. சில அடி தள்ளிப்போய்க் கப்பலில் ஒரு கையை வைத்துக்கொண்டு கிளினிக்கிற்கு அழைத்தாள். காற்று பாதிச் சொற்களைக் கொண்டுபோனது. அந்தப் பக்கத்தில், அன்று நிலுவையை உரத்துச் சொன்ன அதே பெண்தான் போலும். "ஓம், நிலுவை இருக்கிறது, எனக்குத் தெரியும்" என்று சுஜீவா ஆங்கிலத்தில் சொன்னது அவருக்குக் கேட்டது. பிறகு, அதைவிட உரத்து, பறவைகள் எழும்பிப் பறக்குமளவுக்கு, "இருந்தாலும் எனக்கு நாள் வேண்டும்" என்றாள்.

கேதீஸ்வரன் தெருவுக்கு அப்பால் இருந்த பேக்கரிக்கு நடந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீற் பை'கள் வரிசையாக, சூடாக. இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அவள் பேசி முடித்து நின்றாள். "அடுத்த மாதம் தந்திருக்கினம்" என்றாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள். "இதென்ன, மச்சம்! மூண்டாம் வாசிப்பு?"

"முடிஞ்சுது" என்று சொல்லிக் கடித்தார் கேதீஸ்வரன். சூடு நாக்கைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லவேளை, சுட்டதால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.