சூட்டுக்காற்று எஞ்சினுக்கு ஒரு பொட்டு

பம்பாய் மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த கல்லூரியில் என் பதவியின் பெயர் டெமான்ஸ்ட்ரேட்டர். நாலு மாதமாக நான் செய்து காட்டியது ஒன்றுமில்லை. அலமாரியைத் திறப்பேன், கருவிகளை எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன். எங்கள் வீட்டில் முதல் பி.எஸ்ஸி. நான்தான். இதற்குத்தானா படித்தேன் என்று ஒருநாள் துறைத் தலைவர் பஞ்சாபகேசன் சாரிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியின் அடித்தட்டைக் காட்டினார்.

"அந்த ஹாட் ஏர் எஞ்சின் ஓடி நான் பார்த்ததே இல்லே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஓட வெச்சுடு, இன்டர் சயின்ஸ் கிளாஸை நீயே எடு. ஓடலைன்னா சாவிக்கொத்தோட நில்லு. சரிதானே?"

செருப்புப் பெட்டிக்குள் அடங்குகிற பித்தளை எஞ்சின். தண்ணீர் கிடையாது, நீராவி கிடையாது. அடியில் ஸ்பிரிட் விளக்கு வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து, சக்கரத்தோடு இணைந்த பிஸ்டனைத் தள்ளும். அதே காற்று மேல்பக்கம் போய்க் குளிர்ந்தால் சுருங்கிப் பிஸ்டனை இழுக்கும். இதன் இரும்புப் பிஸ்டனோ துருப்பிடித்துத் தேய்ந்து, காற்றையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சினை தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டின் முன்பக்கமே அண்ணன் வெயிலுமுத்துவின் லேத் பட்டறை.

"காத்துல ஓடுத எஞ்சினா? பம்பாய்ல மனுசனுக்கே காத்து கெடைக்கல, ஏட்டி," என்று சிரித்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை புதுப் பிஸ்டன் கடைந்து கொடுத்தான். இரவெல்லாம் தேய்த்தேன். சிலிண்டரின் ஒரு வாயை விரலால் அடைத்தால் பிஸ்டன் அந்தரத்தில் நின்றது. விரலை எடுத்தால் விழுந்தது. காற்று கசியவில்லை என்பதற்கு அதுதான் கணக்கு.

மறுநாள் ஆயுத பூஜை. குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா, ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவே எஞ்சினையும் வைத்துச் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள்.

"நாளைக்கு மறுபூசை முடியாம ஒண்ணையும் தொடப்படாது."

"இது ஆயுதம் இல்லம்மா. காலேஜ் சாமான்."

"ஒம் பொழப்பு இதுலதான? அப்பம் ஆயுதந்தான்."

அவள் சொன்னது சரிதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

வியாழக்கிழமை மறுபூஜை முடிந்ததும் விளக்கை ஏற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, சக்கரத்தைச் சுண்டினேன். அரைச் சுற்றில் நின்றது. பத்துத் தடவை சுண்டினேன். பத்துத் தடவையும் அரைச் சுற்று.

"ஏம் பிஸ்டன்ல தப்பே கெடையாது," என்றான் அண்ணன், நான் கேட்பதற்கு முன்பே.

ஆறவிட்டுக் கழற்றினேன். பிஸ்டன் பிசுபிசுவென்று ஒட்டியது. நல்லெண்ணெய் வாசனை.

"யாரு இதுல எண்ணெய் விட்டது?"

"நாந்தான்," என்றாள் அம்மா பெருமையாக. "எல்லா மிஷினுக்கும் வருசா வருசம் விடுததுதான? இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

கத்தினேன். லேத்துக்கு மோட்டார் இருக்கிறது, இதற்கு ஒரு கரண்டிக் காற்றுதான் பலம், அந்தப் பிசுக்கை இது எப்படித் தள்ளும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அம்மா உள்ளே போய் மண்ணெண்ணெய் போத்தலும் பழைய துணியுமாக வந்து உட்கார்ந்தாள்.

"எங்கெங்க தொடைக்கணும்? காட்டு."

இருவரும் துடைத்தோம். சக்கரத்துப் பொட்டைத் துடைக்கப் போனவள் கையைப் பிடித்தேன்.

"அது இருக்கட்டும். அது எதையும் ஒரசல."

மண்ணெண்ணெய் வாடை போகும்வரை காய விட்டேன். எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியைச் சுரண்டிப் பொடியாக்கிப் பிஸ்டனில் தடவி, மறுபடி விளக்கேற்றிச் சுண்டினேன்.

டக். டக். டக்டக்டக். ஆரக்கால்கள் மறைந்தன. பொட்டு சிவப்பு வளையமாகிவிட்டது. அண்ணன், "அரே வா!" என்று தொடையில் தட்டினான்.

பத்து நிமிடத்தில் வேகம் குறைந்தது. குளிர வேண்டிய மேல்பக்கமும் சூடாகிவிட்டது. நான் யோசிப்பதற்குள் அம்மா ஈரத்துணியைப் பிழிந்து அங்கே சுற்றினாள்.

"புள்ளைக்குக் காச்ச கண்டிருக்குல்லா," என்றாள்.

எஞ்சின் திரும்பவும் வேகம் பிடித்தது. பி.எஸ்ஸி. படித்தவளுக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. சிரிப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் பஞ்சாபகேசன் சார். எஞ்சின் ஓடி நிற்கும்வரை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பொட்டெல்லாம் வெச்சிருக்கே?"

"எங்கம்மா வெச்சது சார். வேகம் குறையும்போது எத்தனை சுத்துன்னு எண்ண வசதியா இருக்கு."

சாவிக்கொத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்து சாக்பீஸை எடுத்தேன்.