பதிமூணு இஞ்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குள் அபிநயா நாற்பது தடவை செத்திருந்தாள். சாவது அவளுக்குப் புதிதல்ல. நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவள், தினமும் செத்துப் பிழைக்கிறவள்தான். ஆனால் இவ்வளவு கேவலமாக ஒரு நாளும் செத்ததில்லை. இடது பக்கக் கதவில் எதிரி வந்து நிற்கிறான். அவள் கை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. திரையோ கதவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, அடுத்த தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் அந்த மனுஷன் ஆற அமரச் சுட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

சிக்கல் மவுஸில் இருந்தது. மவுஸை இவ்வளவு நகர்த்தினால் பார்வை இவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குள்ளும் ஓர் எண் போட்டு வைக்க வேண்டும். சென்சிட்டிவிட்டி என்று அதற்குப் பெயர். பழைய ஆட்டத்தில் அவளுடைய எண் ஒன்று புள்ளி இரண்டு. நான்கு வருடம் அதிலேயே ஆடி, கையே அந்த அளவுக்கு வளர்ந்ததுபோல் ஆகிவிட்டது. புது ஆட்டத்தில் அதே ஒன்று புள்ளி இரண்டைப் போட்டால், மவுஸை விரலால் தொட்டதுமே பார்வை பம்பரமாகச் சுற்றியது. இரண்டு ஆட்டமும் எண்ணுக்கு வேறு வேறு கணக்கு வைத்திருந்தன. ஒரு ஆட்டத்தின் எண்ணை இன்னொரு ஆட்டத்தின் எண்ணாக மாற்றிக் கொடுக்கும் இணையதளங்கள் உண்டு. புது ஆட்டம் வெளியாகி மூன்று வாரம்தான் ஆகிறது என்பதால் அவள் தேடிய எதிலும் அதன் பெயர் இன்னும் ஏறவில்லை. அவளும் குத்துமதிப்பாகப் பதினைந்து எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்றுகூடக் கைக்கு உட்காரவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குத் தேர்வு. வேலூர், ஆரணி, சென்னை என்று பல ஊரிலிருந்தும் சேர்ந்து ஆடுகிற ஒரு பெண்கள் அணியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அணி புது ஆட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்ததால் தேர்வும் அதில்தான். தலைவி கவிநிலா வேலூரில் படிக்கிறவள். அபிநயாவின் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு அவளாகவே கூப்பிட்டிருந்தாள். செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் உட்கார்ந்து, நாள் முழுக்க யார் யாருக்கோ அறைச் சாவி எடுத்துக் கொடுக்கும் அபிநயாவை, ஒருவர் திறமை பார்த்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு அதில் இன்னொரு ஆசையும் இருந்தது. இத்தனை வருடமும் அவள் முன்பின் தெரியாதவர்களோடுதான் ஆடியிருக்கிறாள். ஆரம்பத்தில் மைக்கில் பேசினாள். பெண் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் கிண்டல் ஆரம்பித்துவிடும். சமையல் முடிந்ததா என்பான் ஒருவன், பாட்டுப் பாடு என்பான் இன்னொருவன். ஒரு மாதத்தில் மைக்கை அணைத்தவள் பிறகு போடவே இல்லை. எதிரி பின்னால் வருவது தெரிந்தாலும், கூட ஆடுகிறவனிடம் சொல்ல மாட்டாள். கத்த வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துக் கத்துவாள். பெண்களே இருக்கும் அணியில் சேர்ந்தால் வாய் திறந்து ஆடலாம்.

அவள் கத்தியதை அந்நியர்கள் யாரும் கேட்கவில்லையே தவிர, அண்ணி அன்புச்செல்வி ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகக் கட்டின வீடுகளில் ஒன்று அவர்களுடையது. எட்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்த அண்ணி, கூடவே தையல் மிஷினையும் கொண்டு வந்தாள். முன்னறையின் நடுவில் ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டி, அந்தப் பக்கம் மிஷின், இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் என்று பாகம் பிரித்தாயிற்று. மிஷின் ஓடினால் கம்ப்யூட்டர் மேசை ஆடும். இவள் கத்தினால் அங்கே ஊசி முறியும். ஒரு முறை ஆபீஸ் அம்மா ஒருவர் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருந்த நேரத்தில், புடவைக்குப் பின்னாலிருந்து "மண்டையிலயே சுடு, விடாத!" என்று குரல் வந்தது. அந்த அம்மா துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு மிஷின் ஓடிய ஓட்டத்தில் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது.

சண்டை என்று சொல்ல முடியாது. சாப்டியா, சாப்டேன், கரண்ட் போச்சா, வந்துடுச்சி என்ற அளவில் எட்டு மாதம் ஓடியிருந்தது, அவ்வளவுதான்.

நாற்பத்தோராவது சாவுக்கு அபிநயா மேசையைத் தட்டினாள். மிஷின் நின்றது. புடவை விலகி அண்ணியின் முகம் எட்டிப் பார்த்தது. கழுத்தில் டேப் மாலையாகத் தொங்கியது.

"இன்னா அபி, யாரு செத்தா?"

"நாந்தான் அண்ணி."

வீட்டில் வேறு யாரும் இல்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்பதால் அண்ணன் சக்திவேல் விடியற்காலையே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். வேறு ஆள் இருந்திருந்தால் அபிநயா வாயைத் திறந்திருக்க மாட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மூணு மணிக்கு டெஸ்ட்டு. பழைய கேம்ல கைய எவ்ளோ நகத்துனா எவ்ளோ திரும்பும்னு கைக்கே தெரியும். இதுல அளவு மாறிடுச்சி. அதே நம்பர்தான் போடுறேன், ஜாஸ்தியா ஓடுது. கம்மி பண்ணா நவுரவே மாட்டேங்குது."

அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணி புடவையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் எல்லை தாண்டியது அதுதான் முதல் தடவை.

"நம்பர நம்பாத அபி. ஒரு கம்பெனி முப்பத்தாறு இன்னொரு கம்பெனில முப்பத்தெட்டு. பழைய கேம் வச்சிருக்கியா, அழிச்சிட்டியா?"

"இருக்கு."

"அப்ப இன்னாத்துக்கு அழுவுற? அளவு ஜாக்கெட் கையிலயே இருக்குது."

அன்புச்செல்வியிடம் வருகிற யாரும் நின்று அளவு கொடுப்பதில்லை. ஒரு கவரில் தங்களுக்குக் கச்சிதமாக உட்கார்ந்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டு எடுத்து வருவார்கள். கக்கத்தில் வெளுத்து, கொக்கி மாற்றி, துணி நைந்து போயிருக்கும். ஆனாலும் உடம்புக்குச் சொன்னபடி கேட்கிற ஜாக்கெட் அதுதான். "இதே மாதிரி தச்சிடுங்க" என்று வைத்துவிட்டுப் போவார்கள். மார்பளவு எத்தனை என்று அவர்களுக்கே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாகூடச் சாயம் போன ஜிப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதே போல் மூன்று வேண்டும் என்று விரலைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அபிநயா பழைய ஆட்டத்தைத் திறந்தாள். தண்ணீர்க் குழாய் ஒன்று ஓடும் சுவருக்கு நேராக நின்று, நடுப்புள்ளியைக் குழாயின் மேல் வைத்தாள். மவுஸை வலது பக்கமாக மெல்ல இழுக்க இழுக்க, சந்து, படிக்கட்டு, மூட்டைகள், வாசல் என்று எல்லாம் சுற்றிவந்து மறுபடியும் அதே குழாய் வந்து நின்றது.

"ஒரு கிரிவலம்," என்றாள் அண்ணி.

டேப்பை மவுஸ் பேட் மேல் நீட்டிப் பிடித்தாள். மவுஸ் கிளம்பிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் பதிமூன்று இஞ்ச். தொழில் புத்தி, ஒரு தடவையோடு விடவில்லை. இன்னும் இரண்டு தடவை சுற்றச் சொல்லி, மூன்று தடவையும் பதிமூன்று வந்த பிறகுதான் தலையை ஆட்டினாள். பிறகு தையல் சாக்பீஸை எடுத்துக் கறுப்பு பேட்டில் இந்தக் கோடியில் ஒரு கோடும் அந்தக் கோடியில் ஒரு கோடும் சர்ரென்று கிழித்தாள். அபிநயா அதற்குள் திரையில் புது ஆட்டத்தைத் திறந்துகொண்டிருந்தாள்.

இனி எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு கோட்டில் கிளம்பி மறு கோட்டில் நிற்கும்போது ஒரு முழுச் சுற்று முடிய வேண்டும், அவ்வளவுதான். புள்ளி ஐந்து போட்டாள், சுற்று முன்னாலேயே முடிந்தது. புள்ளி நான்கு, கொஞ்சம் கிட்டே வந்தது. புள்ளி மூன்று ஆறு போட்டதும் மவுஸ் கோட்டில் அச்சாக நின்றது. பயிற்சி மைதானத்தில் முன்னால் வரிசையாக எழும் பொம்மைகளைச் சுட்டுப் பார்த்தாள். முப்பதில் இருபத்தேழு விழுந்தன. கை தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அண்ணி குழம்பு சோறு பிசைந்து எடுத்து வந்தபோது, அபிநயா எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். கவிநிலாவின் குரல் ஹெட்செட்டில் கணீரென்று வந்தது. அபிநயா மைக்கைப் போட்டுவிட்டு, "ஓகே" என்று மட்டும் சொன்னாள். முதல் சுற்றில் முன்னால் வந்தவனைச் சுருட்டினாள். இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். குறி அவனுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. செத்தாள். மூன்றாவதிலும் அப்படித்தான், ஐந்தாவதிலும் அப்படித்தான். முன்னால் வருகிறவன் விழுந்தான், பின்னால் வருகிறவன் தப்பித்தான். பாதி ஆட்டம் முடிந்தபோது எட்டுக்கு நான்கு என்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அபி, முன்னாடி சூப்பரா அடிக்கிற. பின்னாடி வந்தா மட்டும் இன்னா ஆவுது?" என்றாள் கவிநிலா. கோபமில்லாமல் கேட்டதுதான் அபிநயாவுக்கு இன்னும் வலித்தது. "டீ குடிச்சிட்டு வாங்க, பத்து நிமிஷம்."

அபிநயா ஹெட்செட்டைக் கழற்றினாள். மிஷினை ஓட்டாமல் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வந்தாள்.

"போச்சு அண்ணி. பக்கத்துல சரியா நிக்குது. முழுசா திரும்புனா பத்தல, முன்னாடியே நின்னுடுது."

அண்ணி கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "தோள்ல புடிச்சிருக்குது, சுத்தளவுல லூசு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்து இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்கும் நடுவில் வைத்தாள். வைத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அபி! பதிமூணரை!"

"எப்படி? மூணு தடவ அளந்தீங்களே!"

"அளந்தது பதிமூணுதான். கோடு போடும்போது கை தானா அரை இஞ்ச் தள்ளிப் போட்டுடுச்சி." அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "தையலுக்கு விட்டுட்டேன்."

அபிநயா அவளைப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது. நான்கு வருட ஆசை அந்த அரை இஞ்சில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மவுஸுக்குத் தையல் பிடிக்க இடம் விட்ட ஒரே பெண் உலகத்திலேயே இவளாகத்தான் இருப்பாள் என்று தோன்றியதும் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்க அடக்க ஜாஸ்தியானது. முதலில் பயந்த அண்ணியும் பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"நாளைக்கு குண்டானா பிரிச்சுக்கலாம்னு விட்டீங்களா அண்ணி?"

"சிரிக்காத, நேரமாவுது. கைய எடு."

அண்ணி முந்தானையால் கோட்டை அழித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிமூன்றில் புதுக் கோடு கிழித்து, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அளந்தாள். அபிநயா எண்ணைக் கொஞ்சம் ஏற்றினாள். புள்ளி மூன்று ஏழு. குழாய் இல்லை, இந்த ஆட்டத்தில் ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தில் கிளம்பிக் கம்பத்தில் நின்றது. கவிநிலாவின் குரல் எல்லோரையும் கூப்பிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அபிநயாவால் வரிசையாக நினைவுபடுத்திச் சொல்ல முடியாது. பின்னால் வந்தவன் விழுந்தான். மாடியிலிருந்து குதித்தவன் தரையைத் தொடவில்லை. அவளுக்குத் தெரியாமலே அவள் வாய் திறந்திருந்தது. "லெஃப்ட்ல ரெண்டு பேரு! அக்கா, ஏறாத, படிக்கட்டுல ஒருத்தன் இருக்கான்!" என்று அவள் சொல்ல, அந்தப் பக்கமிருந்து "பாத்துட்டேன், தாங்க்ஸ் அபி!" என்று பதில் வந்தது. அவள் சொன்னது ஒருவர் காதில் விழுந்து, அவர் பிழைத்துக்கொண்டார். இவ்வளவு எளிய விஷயத்துக்கா நான்கு வருடம் ஏங்கினோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆனது. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு சுற்று.

கடைசிச் சுற்றில் அவள் அணியில் நான்கு பேரும் விழுந்துவிட்டார்கள். எதிரில் இரண்டு பேர் பாக்கி. ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அண்ணி பிடித்து இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். விடச் சொல்ல அபிநயாவுக்கு நேரமில்லை. முன்னால் கதவு திறந்தது. சுட்டாள், ஒருவன் விழுந்தான். அதே நொடியில் நேர் பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். யோசிக்கவில்லை. கை பேட்டின் மேல் ஆறரை இஞ்ச் நகர்ந்தது, நின்றது. நின்ற இடத்தில் அவன் நெற்றி இருந்தது.

"அவ்ளோதான்! அடிச்சா பாரு எங்க அபி!" என்று அண்ணி காதருகில் போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது. ஹெட்செட்டுக்குள் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து கவிநிலா கேட்டாள்.

"ஏ அபி, யாருப்பா அது உன் பக்கத்துல? எங்க எல்லாரையும் விட ஜாஸ்தியா கத்துறாங்க?"

"எங்க அண்ணி," என்றாள் அபிநயா. சொன்ன பிறகுதான் அந்த 'எங்க' அவளுக்கே கேட்டது.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிராக்டீஸ், அவங்களையும் உக்கார வை. ஆமா, நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல, பேசணும். ஆனா உக்கார வை."

அன்புச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தின கையை எடுத்து, மவுஸோடு சேர்த்து அபிநயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். திரையில் கம்பமும் கூரையும் கதவும் தாறுமாறாகச் சுழன்று மேலே மேலே போய், கடைசியில் மேகம் ஒன்றுமில்லாத நீல வானம் மட்டும் நிறைந்து நின்றது.