ஸ்டாக் உள்ளவரை மட்டும்

லவினாவின் வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. மர்பி டவுனில் அவள் வீட்டுக் குளியலறைச் சுவரில் கையைச் சுட்ட அந்த வெந்நீர் கீசர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"குழாயைத் திறந்தேன். தண்ணி வரலைங்க, ஆவிதான் சீறிக்கிட்டு வந்துச்சு. பின்னாடியே எம்பொண்ணு நின்னுட்டிருந்தா. அவ மூஞ்சியில பட்டிருந்தா?"

இளவேனில் குனிந்தாள். கீசரின் அடியில் இருந்த லேபிளைப் படமெடுத்துக்கொண்டாள். மே மாதத் தயாரிப்பு. அந்த மாடலுக்கு அவள்தான் ப்ராடக்ட் மேனேஜர். ஒரே மாதத்தில் இது மூன்றாவது புகார். முதல் இரண்டையும் 'வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியது' என்று சர்வீஸ் பிரிவு முடித்துவிட்டிருந்தது. மனசு ஒப்பாமல்தான் காலையிலேயே நேரில் வந்தாள்.

மணி ஒன்பதரை. பகல் பன்னிரண்டுக்கு அதே மாடல் தள்ளுபடியில் ஆன்லைன் விற்பனைக்கு வருகிறது. 'ஸ்டாக் உள்ளவரை மட்டும்' என்ற வாசகத்தை எழுதியவளும் அவள்தான்.

ஆட்டோவில் ஏறியதும், பீன்யா தொழிற்சாலையில் தரச் சோதனை பார்க்கும் முனிராஜை அழைத்தாள். "மே பேட்ச்ல பத்து கீசரை ஓட்டிப் பாருங்க. தண்ணி கொதிச்சதும் கரன்ட் தானா கட் ஆகுதான்னு மட்டும் சொல்லுங்க."

அலுவலகப் படியேறும்போது அவர் திரும்ப அழைத்தார். "மூணுல கட் ஆகவே இல்லை மேடம். மே மாசம், கரன்ட்டை கட் பண்ற தெர்மோஸ்டாட்டை வேற கம்பெனியில வாங்கினாங்க. நான் அப்பவே மெயில் போட்டேன்."

"யாருக்கு?"

"ராஜேஷ்குமார் சாருக்கு."

ராஜேஷ்குமார் மார்க்கெட்டிங் தலைவர். விற்பனையை நிறுத்தி, விற்றவற்றையும் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அறிமுகம், வளர்ச்சி, உச்சம், எல்லாம் முடிஞ்சு இறங்குமுகத்துல இருக்கிற மாடல். மிச்சமிருக்கிறதைத் தள்ளிட்டா இதோட கதை முடிஞ்சுது. இதுக்குப் போய் ரீகாலா?"

"நமக்குத்தான் சார் முடியுது. வாங்கினவங்க வீட்ல அது இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும். குறை இருக்குன்னு தெரிஞ்சே வித்தா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமதான் பதில் சொல்லணும்."

"சட்டத்தை லீகல் டீம் பாத்துக்கும். உங்க ப்ரொமோஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு இளவேனில். போய் வேலையைப் பாருங்க."

இருக்கைக்கு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். நிர்வாக இயக்குநருக்கு மெயில் எழுதினாள். லவினாவின் புகார், லேபிளின் படம், சோதனை முடிவு எல்லாவற்றையும் இணைத்தாள். அனுப்பும் முன் மறுபடி முனிராஜை அழைத்தாள்.

"உங்க பேரைப் போடலாமா? வேலைக்கே ஆபத்து வரலாம்."

"போடுங்க மேடம். எங்க வீட்லயும் இதே கீசர்தான்."

மெயில் போயிற்று. பதில் வரவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டு. விற்பனைப் பக்கத்தைத் திறந்து அந்த மாடலையே நீக்கினாள்.

ராஜேஷ்குமார் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலை சார்."

லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அவளை வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். மூன்று மணி நேரம் அங்கேயே காத்திருந்தாள். பிறகு நிர்வாக இயக்குநர் மேலே வரச் சொன்னார். சட்டப் பிரிவினர் இருவர் அங்கே முனிராஜின் மே மாத மெயிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாளில் ரீகால் அறிவிப்பு பத்திரிகைகளில் வந்தது. ராஜேஷ்குமாரிடம் விளக்கம் கேட்டார்கள்; அவர் நாற்காலி அசையவில்லை. இளவேனிலின் ப்ரொமோஷன் நின்றது. மே பேட்ச் வாங்கியவர்களுக்குப் போன் செய்யும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். அவள் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை வரை பிடிபடாதது ஒரே ஒரு எண். சந்தாபுரா, எத்திராஜ். நேற்றிலிருந்து போன் அணைத்தே இருந்தது. பஸ் பிடித்து, விசாரித்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தோளில் துண்டோடு எத்திராஜ் கதவைத் திறந்தார்.

"கீசர் போட்டிருக்கீங்களா?"

"ஆமா, குளிக்கத்தான் போறேன். நீங்க யாரு?"

அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். குளியலறைக்கு வெளியே சுவரில் கீசர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, குளியலறை வாசலை மறித்து நின்றாள்.

"குழாயைத் தொட்றாதீங்க சார்" என்றாள், மூச்சு வாங்க.