விமானத்துக்கும் கிரிவலம்

புதுச்சேரி விமானத்தளத்தில் அந்த வெள்ளை விமானம் வெயிலில் நின்றிருந்தது. மூக்கில் ஒரே ஒரு விசிறி. பதினோரு வருடம் ஐதராபாத் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் ஓடியது, இப்போது விலைக்கு வந்திருக்கிறது. தென்றல் அதை நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டாள். அவள் அண்ணன் மாறனுக்கு இதுதான் முதல் தடவை.

கீழ்பென்னாத்தூரில் இருவரும் சேர்ந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக் கம்பெனி நடத்துகிறார்கள். குஜராத்துக்கும் ஆந்திராவுக்கும் அலைவது தென்றல். போன பருவத்தில் பஸ், ரயில், பெரிய விமானம் என்று மாறி மாறி அவள் போய்ச் சேர்வதற்குள் நல்ல விதையை எல்லாம் வேறொருவன் அள்ளிக்கொண்டு போயிருந்தான். சொந்தமாக ஒரு விமானம் வாங்குவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஆனால் கம்பெனியில் பாதி மாறனுடையது. அவன் தலையாட்டாமல் ஒரு டயர்கூட வாங்க முடியாது.

“ஒத்த இன்ஜினு. வானத்துல நின்னுச்சுன்னா?” என்றான் மாறன்.

“நிக்காதுண்ணா. நின்னாலும் மெதுவா சறுக்கிக்கினே எறங்கிடும்.”

“நமக்குப் பழைய டிராக்டர வித்தவனும் இப்படித்தான் பேசனான். சறுக்கிக்கினே போயி கெணத்துல எறங்குச்சு.”

அவர்கள் வீட்டில் மொபட் வாங்கினாலும் முதல் ஓட்டம் அண்ணாமலையைச் சுற்றித்தான். மலை வலது கைப்பக்கம் இருக்கவேண்டும். இதுவும் சுற்றட்டும், கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாறன் சொல்லியிருந்தான். பைலட் மூர்த்தி அதற்கு அனுமதியும் வாங்கிவிட்டார்.

பூஜையில்தான் தகராறு. தேங்காய் உடைத்தால் ஓடு சிதறும், கூடாது என்றார்கள் விமானத்தளத்துக்காரர்கள். சூடம் கூடவே கூடாது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களையும் எடுக்கச் சொன்னார்கள். மாறனுக்கு மனசு ஆறவில்லை. மூர்த்தி விமானத்தைச் சுற்றிச் சோதித்து முடித்து உள்ளே ஏறியதும், கோயில் சந்தனத்தைக் குழைத்து, விட்ட குறையை எல்லாம் அதில் தீர்த்தான். கதவுக்கு ஒரு பொட்டு, விசிறிக்கு ஒன்று. இறக்கைக்கு அடியில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தான்.

ஓடுபாதையில் விமானம் சீறிக்கொண்டு ஓடியது. பின்சீட்டில் மாறன் கண்ணை மூடிக்கொண்டான். சட்டென்று எல்லாம் அடங்கி, விமானம் குலுங்கி நின்றது.

“என் பக்கத்து மீட்டர்ல வேகம் ஏறலைங்க. அந்தப் பக்கம் ஏறுது. ரெண்டும் ஒத்து வரலன்னா கெளம்பக் கூடாது” என்றார் மூர்த்தி.

போச்சு, என்று நினைத்தாள் தென்றல்.

திரும்பி வந்ததும் மெக்கானிக் இறக்கைக்கு அடியில் குனிந்தார். மஞ்சளாய் ஏதோ ஒட்டிய விரலை நீட்டினார். “காத்து உள்ள பூர்ற குழாய்ங்க இது. அத வச்சுத்தான் வேகமே தெரியும். யாரோ சந்தனத்த அப்பியிருக்காங்க.”

எல்லோரும் மாறனைப் பார்த்தார்கள்.

“பூஜ பண்றவன் பொட்டு வைக்க மாட்டானா?” என்றான் அவன்.

குழாயைச் சுத்தம் செய்து சோதித்து முடிக்கும்வரை மாறன் விமானத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். ஊருக்குத் திரும்ப டிரைவரைக் கூப்பிடலாம் என்று தென்றல் போனை எடுத்தாள்.

“யாருக்குப் போன் பண்ற?” என்றான் மாறன். “தம்மாத்தூண்டு சந்தனம். அதுக்கே வரமாட்டேன்னு நின்னுடுச்சு பாரு. நம்ம டிராக்டரு பிரேக் அந்து கெணத்துல போற வரைக்கும் வாயத் தெறக்கல. ஏறும்மா.”

ஏறியவன் பின்சீட்டுக்குப் போகவில்லை. நேராக மூர்த்திக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

“நல்லதாப் போச்சுங்க. மலைய வலது பக்கம் விட்டுச் சுத்தறப்ப என் சீட்லேருந்து சரியாத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

மாறன் சொன்னான். கிழக்கே கோபுரங்கள் தெரிந்தபோது சொன்னான். மலையின் முதுகுப்பக்கம் வந்தபோது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, என்று கையைக் காட்டினான். கீழே கிரிவலப் பாதையில் மனிதர்கள் எறும்பு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். சுற்று தொடங்கிய வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் தீப்பெட்டி அளவில் மறுபடி தெரிந்தபோது சுற்று முடிந்தது. தென்றலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் ஒரு தடவைகூட இன்ஜினைப் பற்றிக் கேட்கவில்லை.

இறங்கியதும் அவளிடம் வந்தான்.

“வாங்கிடலாம். ஆனா முன்சீட்டு என்னுது.”

“அது இன்னொரு பைலட்டு வந்தா ஒக்கார்ற எடம்ண்ணா.”

“அவரு வரட்டும், பின்னாடி ஒக்காரட்டும். மலைய அவருக்கு யாரு காட்றது?”