நாற்பத்தொன்றிலிருந்து ஆயிரத்தைந்நூறு வரை

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் ஊரிலும் சரி, வேலை தேடி வந்த இந்த நாட்டிலும் சரி, ஆளைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது ஒட்டடை என்பதுதான். ஒட்டடைக்குச்சி மாதிரி அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. வயது இருபத்து நான்கு. குடியிருப்பது பல்செட்டு செய்யும் லேபின் மாடியில், ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் உள்ள அறையில். கீழே பற்களைச் சுடும் அடுப்பு எரியும்போது அறையின் தரை வெதுவெதுப்பாகிவிடும். செய்து முடித்த பற்களைச் சின்னச் சின்ன டப்பாக்களில் எடுத்துக்கொண்டு பல் டாக்டர்களிடம் போவதும், அவர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை வாங்கி வருவதும்தான் அவன் வேலை.

அவனுக்குக் கவலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மாதம் மற்றதெல்லாம் சில்லறை. வேலை அனுமதியைப் புதுப்பிக்க முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். கடைசித் தேதி முப்பது. கடிதத்தை அவனே அடித்து, அச்செடுத்து, முதலாளி மேசையில் வைத்து மூன்று வாரமாகிறது. அதன்மேல் இப்போது ஒரு டீ கப்பின் வட்டம் மட்டும் விழுந்திருந்தது.

அப்போதுதான் கார் வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லேப் வாசலில் ஆரஞ்சு நிறத்தில், தரையோடு தரையாக, பாயத் தயாராக இருக்கும் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டே இருக்கை. முதலாளி அதை ஒரு சுற்று சுற்றி வந்து, கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சாவியை நீட்டினார்.

“இனிமே டெலிவரி இதுல போ.”

ஒட்டடை சாவியை வாங்கவில்லை. “முதலாளி, வேன் இருக்கே.”

“வேன் இருக்கட்டும். இந்த வண்டியைப் பழக்கணும்டா. முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பொத்திப் பொத்தி ஓட்டணுமாம். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. உனக்கு இருக்கு. புக்குல எல்லாம் போட்டிருக்கு, அச்சுப் பிசகாம செய். முதல் சர்வீஸ்ல ஒரு குறையும் இல்லேன்னு சர்வீஸ்காரன் சொல்லட்டும், அங்கேயே உன் லெட்டர்ல கையெழுத்துப் போடறேன்.”

முதலாளி உள்ளே போனதும் ஒட்டடை இருக்கையில் மடங்கி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கை இடித்தன. வழக்கம்போல் போனை வாயருகே வைத்துப் பேச, அது எழுத்தாகி வீட்டுக் குழுவுக்குப் போனது. “அம்மா, அப்பா, எல்லாருக்கும். முதலாளி புதுக் கார் வாங்கியிருக்காரு. நான்தான் ஓட்டணுமாம். பயமா இருக்கு. இப்பதான் முதல்முதலா ஏறி உட்கார்ந்திருக்கேன்.” கூடவே கிலோமீட்டர் காட்டும் திரையை ஒரு படமெடுத்து அனுப்பினான். நாற்பத்தொன்று.

அப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது. “நாப்பத்தொண்ணுதான் ஓடியிருக்கா? அப்ப நீதான்டா முத ஆளு.”

மாமாவுக்கு வேறு கவலை. “எவ்வளவு வேகம் போகும்?”

“முந்நூறு போகுமாம் மாமா.”

“நீ எவ்வளவு போற?”

“அறுபது.”

புத்தகத்தை அவன் இரண்டு ராத்திரி படித்தான். இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது. இன்ஜின் சூடாகும்வரை ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்கக் கூடாது. பிரேக்கைத் திடீரென்று அழுத்தக் கூடாது. இதெல்லாம் பரவாயில்லை. ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டவும் கூடாதாம். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டுமாம். அறுபது, எண்பது, ஐம்பத்தைந்து, எழுபது. ஊரில் மாட்டை வண்டிக்குப் பழக்கியவர்கள்கூட இவ்வளவு தாங்கித் தாங்கிப் பழக்கியிருக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

பழக்கினான். பல்செட்டு டப்பாக்களைப் பக்கத்து இருக்கையில் அடுக்கி, அவற்றுக்கு பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்புவான். வேகத்தடை ஒவ்வொன்றிலும் காரின் மூக்கு இடிக்காமலிருக்க வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். பின்னால் வருகிறவர்கள் ஹாரனைக் கையெடுக்காமல் அடிப்பார்கள். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் கார்கள் உறுமிக் காட்டும். விளக்கு மாறியதும் அவை பறக்கும். இவன் உருளுவான். ஒருநாள் ரொட்டி வேன் ஒன்று அவனை முந்தியது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, “தம்பி, தள்ளணுமா?” என்று அக்கறையாகவே கேட்டார்.

அவன் எவ்வளவு மெதுவாகப் போனாலும் புகைக்குழாயின் சத்தம் மட்டும் குறைவதாயில்லை. ஒரு டாக்டர் போன் செய்தார். “நான் பல்லைத் தொடவே இல்லப்பா. உன் வண்டி வாசலுக்கு வந்ததும் பேஷன்ட் துள்ளி எழுந்துட்டார். தெருமுனையில நிறுத்திட்டு நடந்து வா.”

நடந்தான். அங்கே நிறுத்தினால் முதலாளியின் போனில் வண்டி நிற்கும் இடம் தெரியும். “அங்க என்னடா நிக்குது? மரத்தடியா? பறவை எச்சம் போடும், எடு.”

மெழுகில் பல் வரிசை செய்யும் அக்கா ஒருநாள் ஆசைப்பட்டு ஏறினார். லேபில் எல்லோருக்கும் அவர் மெழுகக்கா. அறுபது, எண்பது, ஐம்பத்தைந்து என்று மூன்றாவது தெருவைத் தாண்டுவதற்குள் அவர் முகம் அவர் செய்யும் மெழுகின் நிறத்துக்கு வந்துவிட்டது.

“தம்பி, இது காரா, தொட்டிலா? இங்கேயே இறக்கி விடு. எனக்குக் காலு இருக்கு.”

“அக்கா, புக்குல அப்படித்தான் போட்டிருக்கு.”

“புக்கை எழுதினவன் வாந்தியே எடுத்ததில்ல போல.”

டெலிவரி ஓட்டத்தால் மட்டும் கிலோமீட்டர் போதுமான அளவு ஏறவில்லை. தேதியோ ஓடியது. ஆகவே விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்து ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் தனியாக ஏற்றி இறக்கி ஓட்டினான். இரண்டாவது வாரம் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். “குடிச்சிருக்கியா? ஒரு நிமிஷம் ஓடற, ஒரு நிமிஷம் தவழற.” ஊதிக் காட்டினான். ஒன்றுமில்லை. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். போலீஸ்காரர் முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “பாவம், போ.”

அந்த மாதத்தில் யாராவது ஒருவர், பாராட்ட வேண்டாம், பாவம் என்றாவது சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இருபத்தெட்டாம் தேதி ஆயிரத்தைந்நூறு வந்தது. சர்வீஸ் சென்டரில் முதலாளி புதுச் சட்டையில் வந்து காத்திருந்தார். கடிதம் அவர் சட்டைப்பையில் மடித்து இருந்ததை ஒட்டடை முதலில் பார்த்தான். டீ கப் வட்டத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. சர்வீஸ்காரர், கண்ணாடி போட்ட நிதானமான மனிதர், வண்டியில் ஒயரைச் சொருகி மடிக்கணினியைப் பார்த்தார்.

“ம்.”

“என்ன ம்?” என்றார் முதலாளி.

“புது வண்டியை யாரோ போட்டு முறுக்கியிருக்காங்க சார். முள் ஏழாயிரத்து இருநூறு வரை போயிருக்கு. மூணு தடவை. அதுவும் இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி.”

முதலாளி மெல்லத் திரும்பினார். கை தன்னால் சட்டைப்பைக்குப் போய், கடிதத்தை இன்னும் உள்ளே தள்ளியது.

“ஒட்டடை.”

“நான் இல்ல முதலாளி.”

“அப்ப வண்டி தானா ஓடிச்சா? விடியக்காலையில எங்கடா போறான்னு அப்பவே நினைச்சேன். இருபத்துநாலு வயசு, கையில இப்படி ஒரு வண்டி, காலியா ரோடு. நம்பிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

ரொட்டி வேன், மெழுகக்கா, ஊதிய குழாய் எல்லாம் ஒன்றாக ஒட்டடையின் ஞாபகத்துக்கு வந்தன. சர்வீஸ்காரர் மட்டும் எதையும் கவனிக்காமல் திரையைப் படித்துக்கொண்டே போனார்.

“மூணுமே முப்பத்தேழாவது கிலோமீட்டர்ல சார். அதுக்கப்புறம் நாலாயிரத்தைத் தாண்டவே இல்ல. ஒரு தடவைகூட. நான் இப்படிப் பார்த்ததே இல்ல.”

“முப்பத்தேழோ எழுபதோ, சாவி இவன்கிட்டதானே இருந்துச்சு.”

ஒட்டடை போனை எடுத்தான். வீட்டுக் குழுவில் மேலே தள்ளிக்கொண்டே போனான். அம்மா விசாரித்த சாப்பாடுகள், மாமா தினமும் கேட்ட ‘இன்னிக்கு எவ்வளவு வேகம்’, தன் ‘அறுபது’கள். இதோ, அந்தத் திங்கட்கிழமை, காலை எட்டு பத்து. ‘இப்பதான் முதல்முதலா ஏறி உட்கார்ந்திருக்கேன்.’ கீழே படம். நாற்பத்தொன்று.

போனை முதலில் சர்வீஸ்காரரிடம் காட்டினான். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். அப்புறம் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “அது… எடுத்த அன்னைக்கு மச்சான் கூட வந்தான். சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டான். சும்மா ஒரு தடவை.”

“மூணு சார்,” என்றார் சர்வீஸ்காரர்.

“சரி, மூணு. இன்ஜினுக்கு ஏதாவது ஆயிருக்கா?”

“ஒண்ணும் ஆகல. ஜம்முனு இருக்கு.”

ஒன்றும் ஆகவில்லை. ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பது கிலோமீட்டர், பதினாறு விடியற்காலை, கணக்கில்லாத வேகத்தடைகள். அதற்கு முன்னால் மூன்று முறுக்கு. ஒன்றும் ஆகவில்லையாம். அந்தச் சமயத்தில் ஒட்டடைக்கு வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சொல்வதற்கு வண்டி வண்டியாக இருந்தது. தேதி இருபத்தெட்டு என்பது ஞாபகம் வந்தது.

“முதலாளி, லெட்டர்.”

“லேபுக்குப் போய்ப் பார்த்துக்கலாமே.”

“இங்கேயே போடறேன்னு சொன்னீங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் அவன் ஓர் அடிகூட நகரவில்லை. சர்வீஸ்காரர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். முதலாளி ஆரஞ்சு பானட்டின்மேல் கடிதத்தை விரித்தார். கீறல் விழும் என்று யோசித்து, எடுத்து, ஒட்டடையின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். உயரம் எட்டாததால் அவன் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

“உனக்குக் கை ராசிடா,” என்றார், மூடியைத் திருகிக்கொண்டே. “மச்சானும் இதே மாதிரி ஒண்ணு புக் பண்ணிட்டான். அடுத்த மாசம் வருது. நீதான் பழக்கித் தரணும்னு சொல்லியிருக்கான்.”

ஒட்டடை கடிதத்தை இரண்டாக மடித்து உள்பையில் வைத்து, மேலே கை வைத்துப் பார்த்துக்கொண்டான். லேபுக்கு நடந்தே போனான். வழியில் போனை வாயருகே கொண்டுபோனான். எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் ஏறியது.

“அம்மா, அப்பா, மாமா, எல்லாருக்கும். கையெழுத்து ஆயிடுச்சு. நாளைக்கே ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்துடறேன். காரைப் பத்தி இனிமே யாரும் எதுவும் கேக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு. முதல் நாள் நான் அனுப்பின அந்த நாப்பத்தொண்ணு போட்டோவை, இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க.”